முன் இணைப்பு எண்

விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம்:
இவ்விடத்தில் முன்பு மின் இணைப்பு இருந்ததா?
இருந்தால், எண்.

ராக்கு பேனாவை என் பக்கம் நீட்டினாள்.
"நீங்களே எழுதிக்கங்க சார்.
கரண்டு சமாச்சாரம் உங்களுக்குத்தானே தெரியும்."

எனக்கு என்ன தெரியும்.
கீழக்கரையில் இந்த நிறுத்தம் வந்தால்
கண்டக்டர் "பவர் ஹவுஸ், பவர் ஹவுஸ்" என்கிறார்.
இறங்குகிறவர்கள் இறங்கி
பிரியாணிக் கடைப் பக்கம் போய்விடுகிறார்கள்.

உள்ளே நான்கு மேடை.
மேடைக்கு எட்டாக முளைத்து நிற்கும்
துருப்பிடித்த போல்ட்டுகள்
இன்னும் எதையோ இறுக்கிப் பிடிக்கக் காத்திருப்பதுபோல.
எஞ்சின்களை எடைக்கு எடை போட்டு
தூத்துக்குடிக்கு லாரி ஏற்றி அறுபது வருஷம்.
ஐப்பசி ஈரத்தில் மட்டும்
தரை டீசலைக் கக்குகிறது.

எங்கள் ஆபீஸ் பரணில் அந்தக் கம்பெனியின் பேரேடு
ஒன்று மிச்சம் இருந்தது.
இணைப்பு ஒன்று: பள்ளிவாசல், எட்டு விளக்கு.
இரண்டு: கஸ்டம்ஸ் ஆபீஸ்.
மூன்று: நூகு மரக்காயர் வீடு, பதினாறு விளக்கு, ஒரு ஃபேன்.
நாற்பத்தொன்று: சினிமாக் கொட்டகை.
பாக்கி. பாக்கி. பாக்கி. துண்டிப்பு.

ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும்.
பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கையில்
எஞ்சின் டிரைவர் வியாகுலம்
மூன்று தரம் விளக்கை மங்கவைத்து எழுப்புவார்.
ஊர் அவசரமாகச் சோற்றைப் பிசையும்.

ஓர் ஆனி மாதம் அவர் தூங்கிவிட்டார்.
சிவப்பு மையில் எழுதியிருக்கிறது:
"இரவு 11.20 வரை ஓடியது. அபராதம் எட்டணா."
கேட்காமல் கிடைத்த
அந்த ஒரு மணி இருபது நிமிஷ வெளிச்சத்தில்
ஊர் என்ன செய்தது,
யார் யார் முகத்தை யார் பார்த்தார்கள்,
பேரேட்டில் இல்லை.

பிறகு பெரிய கம்பி வந்தது.
இந்தக் கட்டடம் உரம் வைத்துக்கொண்டது,
ரேஷன் அரிசி வைத்துக்கொண்டது,
ஒரு தேர்தலுக்குப் பெட்டிகளை வைத்துக்கொண்டது,
கடைசியில் வௌவால்களை.
சுவிட்சுகள் பதித்திருந்த வெள்ளைப் பளிங்குப் பலகை
மீன் கடைக்குப் போய்விட்டது.
அதன்மேல்தான் இப்போது சீலா வெட்டுகிறார்கள்.
ரத்தம் வடிய ஓட்டைகள் வசதி.

இப்போது மேடைகளில் பாசி.
முதல் மேடையில் மரிக்கொழுந்து,
அடுத்ததில் கட்டக்கோரை,
மூன்றாவதில் இன்னும் பிரிக்காத மூட்டைகள்.
நான்காவதில் பெண்கள் உட்கார்ந்து
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்கிறார்கள்.
நனைந்து வெளுத்த விரல்கள்.
யாருடைய பிள்ளையோ போல்ட்டில் தூக்குச்சட்டியை
மாட்டியிருக்கிறான்.

"மொத்த லோடு எவ்வளவு? எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன்?"
"ஒரு தராசு சார்."
"விளக்கு?"
"அது கெடக்கு. நாங்க இருட்டுறதுக்குள்ள போயிருவோம்.
எங்க மூட்டை நூறு கிலோ
யாவாரி தராசுல ஏறுனா எம்பத்தாறு.
எங்களதுன்னு ஒண்ணு இருக்கட்டும்."

குடிசைத் தொழிலா, வியாபாரமா
என்று அடுத்த கட்டம் கேட்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பாறை
போகிறவர்களுக்கு
என் அட்டவணையில் விகிதம் இல்லை.
எது மலிவோ அதில் டிக் அடித்தேன்.
மேலதிகாரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாவது கட்டம் பாக்கி.
பேரேட்டின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது:
"நிலைய வாசல் விளக்கு, ஒன்று.
எண் இல்லை. கணக்கில் சேராது."
"இருந்தது. எண் இல்லை" என்று எழுதினேன்.

பதினொரு நாள் கழித்து மீட்டர் மாட்டினோம்.
ஊருக்கே கரண்டு கொடுத்த கட்டடத்துக்கு
முதல் மீட்டர்.
ராக்கு தராசின் வயரைச் செருகினாள்.
சிவப்பில் சைபர், சைபர், சைபர்.
பாசி மூட்டை பக்கத்திலேயே இருந்தும்
தண்ணிக்குள் காலில் கட்டிக்கொள்ளும் தகரத்தை
முதலில் அதன்மேல் வைத்தாள்.

இருநூற்றுப் பத்து.

எடுத்தாள். மறுபடி வைத்தாள்.
இருநூற்றுப் பத்துதான்.
"சரி," என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்,
"தூக்குங்கடி மூட்டைய."