இடம்

களியக்காவிளை எடைமேடையில்
லாரிகளுக்கு ரசீது எழுதுகிறவள் நான்.
எழுதிய வரியின் மேலேயே கை ஊர்ந்து போவதால்
அன்றைக்குப் போன எம்-சாண்ட் முழுவதும்
மாலையில் என் சுண்டுவிரல் ஓரத்தில் நீலமாய் இருக்கும்.
சோப்புக்குப் போகாது.
இடதை நீட்டினால் ஓட்டுநர்கள்
பணத்தை மேசையில் வைப்பார்கள்.
அது போகட்டும். இது கிடாரைப் பற்றி.

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில் ஒரு கடை.
சுவரில் முப்பது கிடார்,
முப்பதுக்கும் ஒரே பக்கம் தோள் வெட்டு,
பள்ளிக்கூட அசெம்பிளி போல.
"கம்பிய மாத்திக் கெட்டித் தாறேன், போராதா?"
என்றார் டென்னிசன்.
கம்பி மாறும். அது அமரும் பள்ளம் மாறாதே.
தடித்தது ஒல்லியின் பள்ளத்தில் ஏறி நிற்கும்,
ஒல்லி தடித்ததன் பள்ளத்தில் கிடந்து இரையும்.

பாறசாலையில் ஸ்டாக் இல்லை.
நெய்யாற்றின்கரையில்,
"இடம்கையோ? ஓர்டர் செய்யணம், மூணு மாசம்."
இரணியலில் தபேலா மட்டும்தான்.
நாகர்கோவிலில் ஒருவர்
கம்ப்யூட்டரில் வெகுநேரம் தேடிவிட்டு
வலதிலேயே பழகிவிடலாமே என்று
டீ வாங்கித் தந்தார்.
நல்ல டீ.

பதினொரு வருடமாய்
சபைக் கிடாரைத் தலைகீழாய்ப் பிடித்துத்தான் வாசிக்கிறேன்.
கம்பியை மாற்ற முடியாது, மற்றவர்களுக்கும் அது வேண்டும்.
ஒல்லிக் கம்பி மேலே, தடித்தது தொடையருகே.
ஜி என்றால் கண்ணாடியில் கூடப் பார்க்க முடியாத ஒரு ஜி.
"மழ கீழேயிருந்து மேல பெய்யுத மாதிரி இருக்கு"
என்று குறைப்பட்டார் பேஸ் பாடும் ஏசுவடியான்.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

போன மே மாதம், திருவனந்தபுரம் சாலை பஜாரில்,
ஒரு கடையின் உள்ளறையில்,
ஆர்மோனியப் பெட்டிகளுக்குப் பின்னால்
நிஜமான இடதுகைக் கிடார்.
கழுத்தில் ஒரு சீட்டு:
ஸஜீவ், காட்டாக்கடை, அட்வான்ஸ் ஐந்நூறு.
"அவன் வரும்" என்றார் கடைக்காரர்.
நாலு வருடமாக அதையே சொல்கிறாராம்.
நம்பர் வாங்கி நானே அழைத்தேன்.
பின்னால் மரமில்லின் ரம்பச் சத்தம்.
"எடுத்தோளூ. எனிக்கினி வேண்ட."
ஏன் என்று கேட்கவில்லை.
ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது.

இடம் என்றால் இடப்பக்கம்.
இடம் என்றால் ஒருவர் இருப்பதற்கானது.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அந்தச் சொல்லுக்கு அதே இரண்டு பொருள்தான்.
இத்தனை கடைகளிலும் இல்லை இல்லை என்றார்களே,
எது இல்லை என்றார்கள் என்று
கிடாரை மடியில் நிறுத்திக்கொண்டு
பஸ்ஸில் பாறசாலை வரை யோசித்தேன்.
அப்புறம் டிக்கெட் பரிசோதகர் வந்தார்,
எந்தக் கையில் டிக்கெட் என்று மறந்துபோயிற்று.

வீட்டில் உறையைப் பிரித்து ஜி பிடித்தேன்.
வந்தது ஜி இல்லை.
ஒல்லிக் கம்பியைத் தேடி விரல் போன இடத்தில்
தடித்தது உட்கார்ந்திருந்தது.
பள்ளம் சரி, வெட்டு சரி,
எனக்கென்றே அளவெடுத்த மாதிரி எல்லாம் சரி.
அதில் நான் மட்டும் தலைகீழ்.

ஞாயிறு ஆராதனைக்குப் பழையதையே எடுத்தேன்.
புதியது எடைமேடை அறையில்
பேரேடுகளின் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.
லாரி வராத ராத்திரிகளில்
ஒரு விரல், அப்புறம் இன்னொரு விரல்.

நேற்று ஸஜீவ் அழைத்தார்.
"அதின்டெ ஒச்ச எங்ஙனெ?"
எனக்கு இன்னும் வாசிக்க வரவில்லை என்று சொல்லாமல்
போனைத் துளையருகே வைத்து
ஆறு கம்பிகளையும் வெறுமனே
மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்தேன்.

அந்தப் பக்கம் யாரோ ரம்பத்தை நிறுத்தினார்கள்.