உள்பக்கம் வெளியே

வெள்ளவத்தையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
மெஷினும் நானும் மட்டும் கொள்ளும் கடை.
சுருக்குவது, விடுவது, ஸிப் மாற்றுவது.
பெயர் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன்.
கொப்பியில் இப்படித்தான் இருக்கும்:
இடது தோள் இறக்கம்.
பிள்ளை பெற்றது, இடுப்பில் இரண்டு விடவும்.
நீலக் கவுன், மாதத்துக்கு மாதம் மெலிகிறாள், கேட்கவேண்டாம்.

செறீனா வந்தது ஒரு மழை நாளில்.
கொம்பனித்தெரு மலாய்ப் பெண். குடையை மடக்காமலே
"ஆளில்லாத உடுப்பு தைப்பீங்களா?" என்றாள்.
செத்தவருக்கா என்று கேட்டேன்.
இல்லையாம். நிற்கிறதற்காம்.
ஆளில்லாமல் உடுப்பு தானே நிற்கவேண்டுமாம்.

முதலில் வெட்டுத்துண்டு கேட்டாள்.
பிறகு என் பழைய உடுப்புகள்.
பிறகு, அங்குலநாடாவை என் கழுத்திலிருந்தே உருவி,
"உங்கட அளவு என்ன?"

இருபத்திரண்டு வருஷம்.
இந்த றோட்டில் போகிற பாதிப் பேரின் மார்பளவு
எனக்கு மனப்பாடம்.
என்னுடையது தெரியாது.
கண்மட்டத்தில் வெட்டுவேன், போட்டுப் பார்ப்பேன்,
பிழைத்தால் குண்டூசி.

நாடா இடப்பக்கம் வந்ததும் அவள் கை நின்றது.
மஹரகமையில் எடுத்தது, என்றேன். அங்கே பஞ்சு.
"பஞ்சில்லாம சொல்லுங்க."
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சொன்னேன்.
என் கொப்பியிலேயே எழுதினாள்,
நீலக் கவுனுக்குக் கீழே.

எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பினாள்.
ஓவர்லொக், பிரித்த தடம், வியர்வை மஞ்சள்,
அவசரத்துக்குக் கறுப்பில் தைத்த வெள்ளை நூல்.
உள்பாவாடையில் ஒரு பை,
அடையாள அட்டை அளவுக்குச் சரியாக.
காலிவீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கி
அதைக் காட்டிக்கொண்டு நடந்த காலம்.
கைப்பை களவு போனால் காசு போகும்,
அது போனால் நான் போயிடுவன், என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

அரிசிக்கஞ்சியில் தோய்த்துக் காயவிட்டாள். எறும்பு வந்தது.
மூன்று தரம் விழுந்தது.
நாலாம் தரம் கொஞ்சம் கூனிக்கொண்டு நின்றது.

கொழும்பு ஏழில் வெள்ளைச் சுவர், ஏசி.
ஞாயிறு பின்னேரம் தனியாகப் போனேன்,
நல்ல சேலை, பஞ்சு வைத்து.
அது பஞ்சில்லாமல் நிற்கிறது.
கழுத்துக்குள் விழுந்த வெளிச்சம்
அக்குளால் வெளியே வருகிறது.
இடப்பக்கம் தட்டை, யாரோ கதவைச் சாத்தினமாதிரி.
ஒரு பிள்ளை பைக்குள் எட்டிப்பார்த்து
"ஒண்டுமில்லை அம்மா" என்றது.

கீழே ஒரு சின்ன அட்டை:
பருத்தி, நைலெக்ஸ், நூல், அரிசிக்கஞ்சி.
அளவு சென்ரிமீற்றரில்.
அங்குலமாக்கிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தேன்.

தோள்மூட்டில் மட்டும் தையல் விட்டிருந்தது, அரை அங்குலம்.
கஞ்சி காய்ந்தால் இழுக்கும்.
சேலைத் தலைப்பில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று உண்டு.
ஒரு குத்துப் போட்டிருப்பேன்,
"அல்லன்ன எப்பா, மிஸ்."

காவலுக்கு நின்ற பெடியன்.
தொடவேண்டாம் என்று மூன்று பாஷையிலும் பலகை இருக்கிறதுதான்.
இது நான் என்று சொல்ல
எனக்குச் சிங்களம் போதும். வாய்தான் வரவில்லை.

அவன் சட்டையைப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
கழுத்து பதினாறரை. அவனுக்குப் பதினாலு காணும்.
நெஞ்சில் குத்திய பெயர் ஜயக்கொடி.
உங்கள் பெயரா என்று கேட்டேன்.
இல்லையாம். போன மாதம் நின்றவருடையதாம்,
சட்டையோடு சேர்த்துத் தந்தார்களாம்.
இரண்டாவது தெறி ஒற்றை நூலில் தொங்கியது.

நில்லுங்கோ, என்றேன். தமிழில்தான் வந்தது.
நின்றான்,
மூச்சைப் பிடித்து, தாடையை உயர்த்தி,
அளவெடுக்க நிற்கிற எல்லாரையும்போல.

நூலைப் பல்லால் அறுத்தபோது
ஊசியில் இன்னும் ஒரு சாண் மிச்சம்.
அவன் ஊசியைப் பார்த்தான்,
தோள்மூட்டைப் பார்த்தான்,
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்
மழை வருமா என்று பார்ப்பவனைப்போல.