எட்டின் இடப்பக்கம்

பள்ளத்தூர், வளவுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம்.
ஏழடி உயரத்தில் கேமரா, இருபது பாகை சாய்வு.
சேவுகன் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்.
"போதுமா தம்பி?"
"இன்னும் ஒரு முழம்."

இருட்டியதும் ஷட்டர் வேகத்தை ஏற்றினேன்.
வண்டி போயிற்று,
ஓட்டுபவர் முகம் போயிற்று,
எண் மட்டும் அந்தரத்தில்
பல் தெரிய நின்றது.

வயிரவன் தாளை நீட்டினார்:
பதினொரு புள்ளி, பதினான்கு கார்,
தண்ணீர் லாரி ஒன்று.
கடைசி வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.
"இது?"
"கேஸ் முடியட்டும்."

வெள்ளிக்கிழமை படைப்பு.
சாம்பல் நிறக் கார் ஒன்று
கம்பத்தருகே வந்து ஹாரன் அடிக்காமல் நின்றது.
கண்ணேறுக்குக் கட்டிய எலுமிச்சம்பழத்தின் கீழ்
நீள மிளகாய் ஒன்று
எட்டின் இடப்பக்கத்தை மறைத்திருந்தது.

கேமரா மூன்று என்றது.
மூன்று, வயிரவன் மகன் வண்டி.
நம்பகம்: தொண்ணூற்றொன்று.
கம்பம் எழுந்தது.

உள்ளே போனவர்
தலையைக் குனிந்து
எழுந்த கம்பத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நம்பக வரம்பைத் தொண்ணூற்றைந்தாக்க
ஒரு விசை போதும்.
சேவுகன் என்னைப் பார்த்தார்,
அப்புறம் வேப்பமரத்தை.

நான் ஏணி போட்டு ஏறி
லென்ஸைத் துடைத்தேன்.
சுத்தமாகத்தான் இருந்தது.