கேள்வி எண் பத்தொன்பது

செயின்ட் பாலில் ஜனவரி. ஜன்னலின் உள்பக்கமும் உறைந்துவிட்டது.
மணிக்குப் பதினாறு டாலர். காதில் கருவி, எதிரே தாள்.
"வணக்கம், என் பெயர் ஔனே.
உலக மதங்களைப் பற்றி முப்பத்திரண்டு கேள்விகள்,
பன்னிரண்டே நிமிடம்."
பாதிப் பேர் 'மதங்களை' வந்ததும் வைத்துவிடுகிறார்கள்.

வைக்காதவர்கள் நல்லவர்கள், பாவம்.
ரொட்டிக்கடை வெர்னா லிண்டால்
ரமலான் ஒரு நாடு என்றார்.
அங்கே இன்னும் சண்டைதானா என்று கவலையும் பட்டார்.
பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவருக்குப் புத்தரைத் தெரியும்:
மூலைக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்,
வயிற்றைத் தடவினால் லாட்டரி விழும்,
அவருக்கு இதுவரை விழவில்லை.
கல்லூரிப் பெண்ணொருத்தி பத்துக் கட்டளைகளில் ஏழு சொன்னாள்,
அதில் இரண்டு அவளே இயற்றியவை.
'நாயைக் குளிரில் கட்டாதே' என்பதற்கு
மதிப்பெண் போட வழியில்லாமல் தவித்தேன்.

மூன்று மணிக்கு டெல்மர் கோஸ்ட்கா எடுத்தார்.
பின்னால் காற்று, ஏதோ ஒன்று சீறும் சத்தம்.
"இடுகாட்டில் இருக்கிறேன் அம்மா. எரிவாயுக் கூண்டு போட்டிருக்கிறேன்.
மண் இளக இன்னும் நேரமாகும். கேளுங்கள்."

குர்ஆன் எந்த மொழியில் இறங்கியது? தெரியாது.
நிர்வாணம் என்பது எந்த மதத்தின் இலக்கு? தெரியாது,
இந்தக் குளிரில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார்.
யூதர்களின் ஓய்வுநாள் எந்தக் கிழமை தொடங்குகிறது?
"வெள்ளி. மத்தியானத்துக்குமேல் குழி கேட்கமாட்டார்கள்.
அது ஓய்வுநாளா? நான் எனக்குத்தான் அரைநாள் விடுப்பு என்றிருந்தேன்.
மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள் தெரியுமா?
மண்ணில் குத்திவைப்பார்கள், அடுத்தவர் பிடுங்கிக்கொள்வார்."
தாளில் அதற்குக் கேள்வி இல்லை.

மெக்கா எந்த நாட்டில்? "நாடு தெரியாது. திசை தெரியும்.
எல்லாரும் தென்கிழக்கு என்பார்கள். இல்லை, வடகிழக்கு.
பூமியுருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"முதல் குழியை நான் தப்பாகத்தான் வெட்டினேன்.
மகன் வந்து பார்த்தான், கையில் திசைகாட்டி.
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.
விடியும்வரை வெட்டினேன், விளக்கு வைத்துக்கொண்டு."

பிறகு ஹ்மாங் குடும்பம் ஒன்று.
உலோகம் மண்ணுக்குள் போகக் கூடாது அவர்களுக்கு.
கடைசி நேரத்தில் கண்டுபிடித்தார்கள், கால்சட்டையில் ஜிப்.
பெட்டியைத் திறந்து
மனைவி அதைக் கத்தரித்து எடுக்கும்வரை
டெல்மர் துணியை இழுத்துப் பிடித்திருந்தாராம்.
"அவர்கள் மதத்துக்குப் பெயர் என்ன?
உங்கள் தாளில் இருக்குமே."
மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை.

முப்பத்திரண்டுக்கு ஆறு.
கற்றது கைமண்ணளவு என்றால்
ஆறடி மண்ணை எந்தக் கணக்கில் வைப்பது?
அதற்காக அவரை ஞானி என்றும் எழுதிவிட முடியாது.
சீக்கியர்களை அரேபியர்கள் என்றார், இரண்டு முறை,
திருத்த எனக்கு அனுமதி இல்லை.

"எப்படிச் செய்தேன்?" சொல்ல அனுமதி இல்லை.
"நீங்கள் என்ன மதம்?" அதற்கும் இல்லை.
சீறல் நின்றது. மண் இளகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

எனக்கு லூத்தரன் ஞானஸ்நானம்.
முப்பது ஆண்டு பாடகர்குழுவில் இரண்டாம் வரிசை.
பயிற்சி நாளில் எங்களுக்கே தேர்வு வைத்தார்கள்.
கேள்வி பத்தொன்பது: என் சபையின் போதனைப்படி
மீட்பு விசுவாசத்தால் மட்டுமா, நற்செயல்களாலுமா?
நான் 'நற்செயல்களாலும்' என்பதில் குறியிட்டேன்.
மேற்பார்வையாளர் சிவப்பில் சுழித்துத் தந்தார்.

டெல்மருக்கும் அதைக் கேட்டிருந்தேன்.
"தரையைச் சமமாக மூடினால் போதும்" என்றார்.
நான்கு கட்டங்கள்: சரி, தவறு, தெரியாது, மறுத்தார்.
பென்சில் மூன்றாவதின்மேல் நின்றது.

அடுத்த எண்.
மணி அடிக்கிறது, யாரோ எடுக்கிறார்கள், ஒரு குழந்தை,
"அம்மா தூங்குகிறாள்" என்கிறது.