இரண்டு வளைவு குறைகிறது

கிளை நூலகத்தில் எடுத்த நாவல்.
முன்னட்டை போய், யாரோ காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
கண் ஆபரேஷன் முடிந்து
பச்சைத் துணிக்குப் பின்னால் படுத்திருக்கும் மனுசனுக்கு
ராத்திரிக்குப் பத்துப் பக்கம் வாசிக்கிறேன்.

ஏற்காட்டில் நடக்கிற கதை.
சூசை காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறான்.
அமலி அவன் பெண்டாட்டி.
ஏழாம் வருசம் இருவருக்கும் பேச்சு நின்றுபோகிறது.
எழுதினவர் அதை எங்கேயும் சொல்லவில்லை.
தீக்குச்சி நமத்துப்போயிற்று என்கிறார்.
உப்பு ஜாடி தண்ணீர் விட்டிருந்தது என்கிறார்.
சுவரில் சாய்ந்தால் முதுகு நனைகிறது.
நாற்பது பக்கம் மழை.

"மழையத் தள்ளிட்டுக் கதையப் படி."
மழைதாங்க கதை என்றேன்.
கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு,
"அப்ப நம்ம கதைக்கு வெயிலு" என்றார்.

வெயில்தான்.
செட்டிச்சாவடிப் பக்கம் தகரக் கூரை வாடகை வீடு.
வெள்ளைக்கல் சுரங்கத்துப் புழுதி
கொடியில் காயும் துணியில், உலை மூடியில், இமை மயிரில்.
அவர் சஸ்பெண்டில் இருந்த எட்டு மாசமும்
தண்ணி லாரிக்கு விடிவதற்குள் குடம் போட்டாக வேண்டும்.
குடம் மாறிப்போகிறது, ஒன்றில் பேர் எழுதுங்கள் என்றேன்.
கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டில்
ஆறு குடத்திலும் எழுதினார்,
பூங்காவனம் பூங்காவனம் என்று.
அந்த மாசம் என்னிடம் பேசியது மொத்தமே அவ்வளவுதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அமலி ஒரு பையோடு மலை இறங்குகிறாள்.
'பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும்
அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தன' என்று படித்தேன்.
எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
"இருபது."
பத்தொன்பது வருசம் அந்த ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்த கை
காற்றில் ஒவ்வொன்றாக ஒடித்துக் காட்டியது.
"எழுதின ஆளு கார்ல தூங்கிட்டுப் போயிருப்பான்."

எனக்கும் தெரியும் இருபதென்று.
ஒருநாள் அவர் ஓட்டின பஸ்ஸிலேயே சண்டை.
சேட்டுக் கடையிலிருந்த என் சங்கிலி,
அவர் தங்கச்சி கல்யாணம்,
மற்றது இங்கே சொல்வதற்கில்லை.
பதிமூன்றாவது வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி முழித்தான்.
பஸ் போயிற்று.
பன்னிரண்டைச் செருப்போடு இறங்கினேன்.
வார் அறுந்தது,
பதினொன்றைக் கையில் செருப்போடு.
குரங்கு ஒன்று என்னைவிட நிதானமாக வந்தது.

கீழே பஸ் நின்றுகொண்டிருந்தது.
ஆரஞ்சுக் கூடைக்காரி ஜன்னலில் தலைநீட்டி ஏசினாள்.
இவர் என்னைப் பார்க்கவில்லை.
நல்ல காற்றிருந்த டயரைத்
தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏறினேன்.
அந்தக் கண்டக்டர் மறுபடியும் டிக்கெட் கிழித்தான்.
காசை முன்சீட்டிலிருந்து ஒரு கை நீட்டியது.

"பென்சில் எடுத்துத் திருத்து."
நூலகப் புத்தகங்க, எழுதக் கூடாது.
"தப்பாவே கிடக்கட்டுமா?"
கிடக்கட்டும்.

அடுத்த அத்தியாயத்திலும் மழை விடவில்லை.
சூசை கூரைமேல் ஓடு மாற்றுகிறான்.
ஏணி வழுக்குகிறது.
அமலி கீழே நின்று
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருக்கிறாள்.
முந்தானையில் செம்மண் தண்ணீர் வடிகிறது.
இன்னும் பேசவில்லை.

"எப்ப திரும்பி வந்தா?"
முன்பக்கம் பின்பக்கம் புரட்டினேன்.
எழுதவில்லைங்க.

மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றியது.
"அந்த ரெண்டு வளைவுல வந்திருப்பா" என்றார்.

சொட்டு மருந்துக்கு நேரமாகியிருந்தது.
கண்ணைத் திறங்க என்றேன்.