எதிலும் ஒட்டாத சீட்டு

ஏழாம் அறையைக் கூட்டும்போது
சுவரில் கை படக் கூடாது என்றார் நௌஸாத் முதலாளி.
கதவில் கதவு என்று இங்கிலீசில் எழுதியிருக்கிறது,
அதற்குக் கீழே கொக்கி கொக்கியாய் ரஷ்ய எழுத்து.
கண்ணாடியில் கண்ணாடி.
வாளிக்கு ஒரு பேர், வாளிப் பிடிக்கு வேறு பேர்.
ஃபேனைப் போட்டால் சீட்டெல்லாம் பறந்துவிடும் என்று
வேர்த்தபடியே தூங்குகிற மனிசன்.
நுளம்பு வலையில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

உல்லைக்கு வந்து
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தவர்
என் ஒன்பது வருசத்தில் இவர் ஒருத்தர்தான்.
கெனாடி ரியாபவ். இரும்போடு இரும்பைப் பற்றவைக்கிற தொழில்,
புறங்கையெல்லாம் பொட்டுப் பொட்டாய்ச் சுட்ட தழும்பு.
கப்பலில் வேலை இருக்கிறதாம்,
சோதனைக்கு இரண்டாயிரம் சொல் வேண்டுமாம்.
வந்த அன்று பதிவுப் புத்தகத்தில்
ஃபேமிலி என்ற கட்டத்தில் ரியாபவ் என்று எழுதினார்.
பெஞ்சாதி பிள்ளைகள் பின்னால் வருகிறார்களாக்கும் என்று
மூன்று தலையணை கூட வைத்தேன்.
ஃபமீலியா என்றால் அங்கே குடும்பப் பேராம், குடும்பம் இல்லையாம்.
தலையணைகளைத் திருப்பி எடுக்க வேண்டாம் என்றார்.

என் பேரைக் கேட்டார். வதனி.
வதா, வதா என்று சிரித்துத் தண்ணீர்ப் போத்தலைக் காட்டினார்.

இன்னொரு நாள், மகசின் போகிறேன் என்றார்.
எனக்குத் துடைத்த கை நின்றுவிட்டது.
கோமாரியில் பஸ்ஸை மறித்து இறக்கிய காலத்தில்
வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்று படித்த சொல் அது,
துவக்கின் வயிற்றில் வளைந்து தொங்கும்.
அவருக்கு அது கடை. பாணும் பட்டரும் வாங்குகிற இடம்.
பாடப் புத்தகமோ படம் போட்ட சஞ்சிகை என்றது.
மேசையில் கிடந்த அலைச்சறுக்குப் புத்தகம் ஒன்றில்
அந்தச் சீட்டை ஒட்டினார்.
அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை மட்டும்
தூசியோடு விட்டுவிடுவேன்.

கடைசியில் இரண்டு சீட்டு மிச்சம்.
இஸ் ஒன்று, த ஒன்று.
கையில் பிடித்துக்கொண்டு அறை முழுக்கத் தேடினார்,
கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார், பகிடிக்குத்தான்.
‘ரஷ்யன்... நோ’ என்று வெறும் உள்ளங்கையைக் காட்டினார்.
‘தமிழும் நோ’ என்றேன்
ஓ.எல். இங்கிலீசில் எஸ் எடுத்த நான்.
இது கடல்.
எத்த மோர்யெ, என்றார் அவர்.
அவருக்கும் இரண்டே சொல்,
நடுவில் பற்றவைக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் சோதனையில் கேட்பார்களே.
த என்பது அவர் வாயில் ஸ ஆகிறது. ஸ டோர். ஸ ஸீ.
நாக்கைப் பல்லுக்கு நடுவில் வை என்கிறது புத்தகம்,
வைத்துக் கடித்துக்கொள்கிறார்.
அது என்று சொல்லுங்கள், என்றேன்.
தும்புத்தடியால் காட்டினேன்: அது. அது.
முதலில் அஸு. பிறகு அட்டு.
பின்னேரம் கரைவலை இழுக்கிற பக்கம் நடந்து போய்
தோணியைக் காட்டி அது,
நாயைக் காட்டி அது,
ஐஸ் பெட்டி, கயிறு, காகம், எல்லாம் அது என்று
ஒரு வெள்ளைக்காரன் தனியே சொல்லிப் போனதாக
வாடியில் இருந்தவர்கள் இரண்டு நாள் கதைத்தார்கள்.
மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியோடு போனேன்.
த ஸீ, என்றார்.
முதன்முறை கடலைத் திரும்பிப் பார்த்தும் சொன்னார்.

வியாழக்கிழமை விடிய பொத்துவில் பஸ்.
இரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள், நாலு பேர், உண்மையான நாலு பேர்.
சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.
பசைத் தடம் போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று தப்பிக் கிடந்தது.

ஆட்கள் மறந்துவிட்டுப் போகிறதைப் போட
கவுண்டரில் ஒரு லாச்சி இருக்கிறது.
சார்ஜர் வயர், ஒற்றைத் தோடு, நீச்சல் கண்ணாடி.
அதற்குள் வைத்தேன்.
‘என்ன புள்ள அது?’ என்றார் முதலாளி, போனில் இருந்து கண்ணெடுக்காமல்.
அதுதான், என்றேன்.