எடை பார்க்க வருகிறவன்

சிம்மக்கல்லில்
சைக்கிள் பாகக் கடைக்கு மேலே
ஒற்றை அறை, எங்கள் ‘கைத்தாங்கல்’.
ஒரு போன், ஒரு பீரோ,
கணையம் எங்கே இருக்கிறதென்று
சகாயராணி சிஸ்டர் சாக்பீஸில் வரைந்த படம்.
இரைப்பைக்குப் பின்னால்
ஒளிந்துகொண்ட வாழைக்கச்சல்.
‘இம்புட்டுத்தானா?’ என்பார்கள் வருகிறவர்கள்.
இம்புட்டுத்தான்.

என் வேலை எடை மெஷின்.
செவ்வாய், வெள்ளி
சாக்கில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்து
செல்லூர், ஆனையூர், செக்கானூரணி வரை.
எந்த வீட்டிலும் தரை சமமில்லை.
பழைய பேப்பரை மடித்து ஒரு மூலைக்கு முட்டுக்கொடுத்து
முள் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை தட்டுவேன்.
நான் சொல்லப்போகும் எண்ணுக்காக
வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
ஒருத்தி தன் அப்பாவின் சட்டைப்பையில்
கடைச் சாவிக்கொத்தைப் போட்டுவைத்திருந்தாள்.
பார்க்காதவன்போல்
இருநூறு கிராம் கழித்து எழுதினேன்.

ஒச்சுக்காளை பரோட்டா மாஸ்டர்.
கோரிப்பாளையத்தில் முப்பது வருஷம்
தராசு தொடாமல்
ஒரே எடையில் மாவு உருட்டிய கை.
மெஷினில் ஏறுமுன்பே சொல்லிவிடுவார்:
‘நாப்பத்தேழரை.’
முள் போய் நாற்பத்தேழரையில் நிற்கும்.
சிவனம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தின்றதெல்லாம் எண்ணெயாய் மிதந்து போவதை
டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை, வெட்கம்.
சிஸ்டர்தான் கேட்டார்,
மாட்டுத்தாவணிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.
பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார்.
முதல் கவளத்தோடு ஒன்று,
பாதிச் சாப்பாட்டில் ஒன்று.
‘சோத்துக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. சோத்தோட.’
‘இதுல நோய் போயிருமா?’
‘போகாது. சோறு உடம்புல ஒட்டும்.’

டப்பாவுக்குக் காசு
விளக்குத்தூண் பாத்திரக்கடை உண்டியலில் இருந்து வருகிறது,
முதல் வருஷத் திதிக்கு யாரோ கொடுத்தனுப்பும்
ஐநூறு ரூபாய்த் தாளில் இருந்து வருகிறது.
என் தம்பிக்கு வந்தபோது
இந்த மாத்திரையின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.
வாயு என்று நாலு மாதம்
பூண்டு வறுத்துக் கொடுத்தோம்.
அது போதும்.

ஆடி மூன்றாம் வெள்ளி.
‘நாப்பத்தேழு’ என்று ஏறினார்.
நாற்பத்தெட்டே கால்.
இறங்கினார். மறுபடி ஏறினார்.
சட்டைப்பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டினார்.
‘மெஷினு கெட்டுப்போச்சு தம்பி.’

அன்று ராத்திரி மகன் வண்டியில்
பழைய கடைக்குப் போனாராம்.
ஒரே ஒரு பரோட்டா, சால்னா கம்மியாக,
நடுவில் மாத்திரை.
‘மாவு ஊறலடா’ என்று
புது மாஸ்டரை ஏசிவிட்டு வந்தாராம்.
அதை என்னிடம் மூன்றுமுறை சொன்னார்.

புரட்டாசியில் நிற்க முடியவில்லை.
மெஷினைச் சாக்கிலிருந்து எடுக்காமல்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
வலிமருந்து இறங்கிய நேரத்தில்
என் கையைத் தூக்கி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
என்ன கணக்கு என்று சொல்லவில்லை.

கார்த்திகையில்
சிவனம்மாள் தனியாகப் படியேறி வந்தாள்,
முந்தானையில் பிரிக்காத டப்பா ஒன்று.
‘அடுத்தவுகளுக்கு ஆகும்.’
போகாமல் நின்றாள்.
மூலையில் இருந்த மெஷினைப் பார்த்து,
‘என்னையும் ஒருவாட்டி’ என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
முப்பத்தொன்பது.
ஏழு மாதம் அந்த வீட்டுக்குப் போனவன் நான்.
அவளை ஏறச் சொன்னதேயில்லை.
நோட்டில் அவளுக்குக் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதினேன்.

சகாயராணி சிஸ்டர் ஜன்னலில் எட்டிக்
கீழே டீக்கடையைக் கூப்பிட்டார்:
‘பால் தூக்கலா ஒண்ணு, பன்னு ரெண்டு.’
அவள் வேண்டாமென்றாள்.
சிஸ்டர் காதில் வாங்கவில்லை.

‘செவ்வாய்க்கிழமை வருவேன்’ என்றேன்.
‘யாரு எடைய பாக்க?’ என்றாள்,
பன்னைப் பிய்த்துக்கொண்டே.